கும்பகோணத்துப் பரிசும் ஆதிரெங்கத்து விதையும்: காவிரிப் படுகை விருதுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் அறிவியல், தொழில்நுட்பச் சாதனைகளுக்கு விருது கொடுப்பதில் பஞ்சம் ஒன்றும் இல்லை. குடியரசு நாளில் ஒரு மேடை, சுதந்திர நாளில் ஒரு மேடை, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் வந்தால் கல்லூரிக்குக் கல்லூரி ஒரு மேடை. டிசம்பரில் கும்பகோணத்தில் கணித உலகமே கவனிக்கிற ஒரு மேடையும் உண்டு. சால்வை, கேடயம், காசோலை, மறுநாள் நாளிதழில் படம் என்று எல்லா இடத்திலும் சடங்கு ஒன்றுதான்.

யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒருவருடைய வேலை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது விருது அவரிடம் வந்து சேர்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று கணிதப் பரிசு, இன்னொன்று நெல் மகசூலுக்கான மாநில விருது, மூன்றாவது பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த ஒருவருக்கு வந்த விருதுகள். மூன்றையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று கேட்கலாம். கணிதத்துக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? துறை வேறுதான். ஆனால் விருது கொடுக்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பது துறை மாறினாலும் ஒப்பிடக்கூடிய விஷயம்.

கும்பகோணம்: 32 வயது

சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003இல் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் இராமானுஜனின் வீட்டை வாங்கிப் புதுப்பித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், இராமானுஜன் பெயரில் ஆண்டுதோறும் ஒரு கணிதப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. பரிசுத் தொகை 10,000 அமெரிக்க டாலர். இராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22ஐ ஒட்டிக் கும்பகோணத்தில் நடக்கும் கருத்தரங்கில் அதை வழங்குகிறார்கள். விதிகள் மிகச் சில. இராமானுஜனின் வேலை தொட்ட கணிதத் துறைகளில் ஆய்வு செய்பவராக இருக்க வேண்டும். வயது 32ஐத் தாண்டக் கூடாது. 32 ஏன் என்றால், இராமானுஜன் வாழ்ந்ததே அவ்வளவு காலம்தான். 1887இல் பிறந்து 1920 ஏப்ரலில் மறைந்தார்.

தேர்வுக் குழுவின் தலைவர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கிருஷ்ணசுவாமி அல்லாடி. குழுவில் இருப்பவர்களும் கணித அறிஞர்களே. பரிசு வேண்டும் என்று யாரும் தானே விண்ணப்பம் போடுவதில்லை. துறையில் இருக்கும் மற்றவர்கள்தான் பெயரை முன்மொழிகிறார்கள்.

பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் அசந்துதான் போக வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டு மஞ்சுல் பார்கவா, கண்ணன் சௌந்தரராஜன் இருவருக்கும் கொடுத்தார்கள். பார்கவாவுக்குக் கணிதத்தின் உச்ச விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வந்தது 2014இல், அதாவது ஒன்பது ஆண்டுகள் கழித்து. 2008இல் கும்பகோணத்தில் பரிசு பெற்ற அக்‌ஷய் வெங்கடேஷுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் 2018இல். 2013இல் பெற்ற பீட்டர் ஷோல்ஸவுக்கும் அதே 2018இல்தான். 2014இல் ஜேம்ஸ் மேனார்ட், 2017இல் மரினா வியாசோவ்ஸ்கா. இருவருக்கும் ஃபீல்ட்ஸ் 2022இல். டெரன்ஸ் டாவ் மட்டும் விதிவிலக்கு. 2006இல் இரண்டும் அவருக்கு ஒரே ஆண்டில் வந்தன. அவரைக் கும்பகோணம் முன்கூட்டியே கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. மற்ற ஐந்து பேரையும் உலகம் உச்சியில் ஏற்றுவதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் முன்பே இந்தச் சிறிய கோயில் நகரத்து மேடை அடையாளம் கண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் தொகை இல்லை. 10,000 டாலர் என்பது கணித உலகில் பெரிய பணமே கிடையாது. வயது வரம்பு நடுவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே பெயர் வாங்கிய, எல்லோருக்கும் தெரிந்த, கொடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாத மூத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் வழியை அது அடைத்துவிடுகிறது. 27 வயது, 29 வயது ஆட்களின் வேலையைத் திறந்து படித்துப் பார்த்தே ஆக வேண்டும். படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நடுவர்களாக இருப்பதால் அது நடக்கவும் செய்கிறது.

ஒரு சங்கடமும் இருக்கிறது. பட்டியலில் இருப்பவர்கள் பிரின்ஸ்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பான் போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள். படுகையில் கொடுக்கப்படுகிற பரிசுதான், படுகைக்காரர்களுக்கான பரிசு இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இராமானுஜன் பெயரில் வைக்கும் பரிசை ஒரு மாவட்டத்துக்குள் அடைக்க முடியாது. ஆனால் இதே ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் வேலை செய்யும் புதுமையாளர்களுக்கு விருது எப்படிப் போகிறது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

ஐம்பது சென்ட் அறுவடை

தமிழ்நாடு அரசு நெல் உற்பத்தித் திறனுக்காக உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. திருந்திய நெல் சாகுபடி முறையில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுக்கும் உழவருக்கு 5 லட்சம் ரூபாயும் பதக்கமும். வேளாண் அலுவலர்கள் முன்னிலையில் 50 சென்ட் வயலை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு முடிவு செய்கிறார்கள்.

திருந்திய நெல் சாகுபடி மடகாஸ்கரில் தொடங்கிய முறை. அங்கே வேலை செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லொலானியே 1980களில் அதை உருவாக்கினார். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களையைப் பிடுங்காமல் கோனோ வீடர் ஓட்டி மண்ணிலேயே அமுக்கிவிடுவது. வழக்கமான நடவில் ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போகும் இடத்தில் இதற்கு 2, 3 கிலோ போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் உழவர்களின் வயல்களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்த சமயத்தில் இதற்கு 'ராஜராஜன் 1000' என்றே பெயர் வைத்துப் பரப்பினார்கள்.

எடைத் தராசு வைத்து முடிவு செய்யும் விருதில் ஒரு பெரிய நன்மை உண்டு. யாருக்கு யாரைத் தெரியும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கிலோ எவ்வளவோ அவ்வளவுதான். நடுவர் குழு கூடி மனம்போல் பேசி முடிவெடுக்கும் விருதுகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது ஆறுதலாகவே இருக்கும்.

ஆனால் தராசில் ஏறாதவை நிறைய. இந்த முறையின் அடிப்படையே விதையையும் தண்ணீரையும் மிச்சப்படுத்துவது. இரண்டும் மதிப்பெண்ணில் வராது. ஒரு வயலில், ஒரு பருவத்தில், எவ்வளவு விளைந்தது என்பது மட்டுமே வரும். போட்டிக்கென்று ஒரு வயலை ஒதுக்கி, இருக்கிற எருவையும் ஆட்களையும் அதிலேயே கொட்டினாலும் கிலோ ஏறும். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. விதி அப்படி இருந்தால் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

டெல்டாக்காரருக்கு இதில் இன்னொரு சிக்கல். பழைய காவிரிப் பாசனத்தில் பல இடங்களில் வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல் வயலில் பாய்ந்த தண்ணீர் மடை வழியே கீழ் வயலுக்கு வரும், அங்கிருந்து அடுத்ததற்கு. என் வயலை மட்டும் காயவிட்டு அப்புறம் பாய்ச்சுகிறேன் என்று தனியாக ஒருவர் முடிவெடுக்க முடியாது; மேலே இருப்பவர் திறந்தால் இவர் வயலில் நிற்கும், இவர் அடைத்தால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் போகாது. சம்பா, தாளடியில் வடகிழக்குப் பருவமழை வேறு. மழை நான்கு நாள் விடாமல் ஊற்றினால் காய்ச்சல் எங்கே, பாய்ச்சல் எங்கே. கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதியே இல்லாதபோது 14 நாள் நாற்றைச் சரியாக 14ஆம் நாள் நட முடியாது. நாற்றங்காலிலேயே வயது ஏறிவிடும். பம்புசெட் வைத்து, வடிகால் உள்ள மேட்டு வயலில், வெயில் அடிக்கும் பருவத்தில் சாகுபடி செய்பவருக்கு இந்த முறை எளிது. ஆக, ஒரே விதி, ஒரே தராசு என்றாலும் எல்லோரும் ஒரே கோட்டில் இருந்து ஓடத் தொடங்கவில்லை.

பத்து வயல்காரர்கள் ஒன்றாகப் பேசி, மடை திறக்கும் நாளை ஒழுங்கு செய்து, வயலுக்கு வயல் பாய்ச்சலுக்குள்ளேயே காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து காட்டினால், என் கணக்கில் அதுதான் டெல்டாவுக்கான உண்மையான நீர் நிர்வாகப் புதுமை. அதற்கு இந்த விருதில் இடம் இல்லை. விருது தனி ஆளுக்கு, தனி வயலுக்கு.

பெயரில்லாத சாதனை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960-61இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கிய ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்த ரகம் 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27. 105 நாளை ஒட்டிய குறுவை ரகம். ஜப்பானிய நெல் ஒன்றையும் நம்முடைய ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டி உருவாக்கியது. ஜி.இ.பி. 24 எங்கிருந்து வந்தது என்றால், ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவில் தானாகத் தோன்றிய மாறுபட்ட செடி ஒன்றிலிருந்து. கோயம்புத்தூரில் பொறுக்கி எடுத்து ரகமாக்கினார்கள்.

1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு ஊர்ப் பெயரும் எண்ணும்தான். ஆடுதுறை 36, 37, 43, 45 என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உருவாக்கியவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒட்டுக் கட்டிய நாளில் இருந்து ரகம் வெளிவர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும் வேலை இது. அதற்குள் ஆட்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட கூட்டு வேலையைத் தனி நபர் விருது எப்படிக் கையாளும் என்பதற்கு எனக்கும் நல்ல பதில் கிடையாது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். ஆடுதுறை 27 என்ற அந்த ரகத்தின் வேரில் ஒரு பழைய சம்பா நெல் இருந்தது. யாரோ அதை விடாமல் விதைத்துக்கொண்டே இருந்ததால்தான் பொறுக்கி எடுக்க ஒரு செடி கிடைத்தது.

ஆதிரெங்கம்: பன்னிரண்டு ஆண்டுகள்

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கட்டிமேடு, ஆதிரெங்கம். 'நெல்' ஜெயராமன் அந்த ஊர்க்காரர். நுகர்வோர் இயக்கத்தில் இருந்தவர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு சேர்ந்து நடந்தவர். 2003இல் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் போனபோது வழியில் உழவர்கள் எடுத்துக் கொடுத்த அரிய நெல் விதைகளிலிருந்துதான் அவருடைய சேகரிப்பு தொடங்கியது. 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா. வருகிற உழவருக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். சேகரிப்பு 170 ரகங்களை ஒட்டி வளர்ந்தது.

விதையைப் பாதுகாப்பது என்றால் பானையில் போட்டு மூடி வைப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். டெல்டாவின் ஈரக் காற்றில் நெல் விதையின் முளைப்புத் திறன் நெடுநாள் நிற்காது. குளிரூட்டிய சேமிப்பறை இல்லாத ஒருவர் ஒரு ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆண்டுதோறும் விதைத்து அறுத்தே ஆக வேண்டும். 170 ரகம் என்றால் 170 துண்டு வயல், 170 நாற்றங்கால், 170 பெயர்ப் பலகை. இதில் ஒரு பலகை மாறினால் போச்சு.

வயதும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பூங்கார் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா 160 நாள். காட்டுயானம் 180 நாள் வரை போகும், ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது ஒரு துண்டு மட்டும் முன்னால் பழுத்தால் ஊர்க்குருவி முழுக்க அங்கேதான் இறங்கும். கடைசியாகப் பழுப்பதற்கு எலி. காட்டுயானம் காற்றில் சாய்ந்தால் பக்கத்து ரகத்தின் மேல் சாயும், கதிர்கள் பின்னிக்கொள்ளும்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கரு பிடிக்கும் பயிர். அதனால் வயலில் பூ கலப்பது குறைவு. கலப்பெல்லாம் களத்தில். அறுத்த கட்டு, அடிக்கும் இடம், தூற்றும் முறம், காயவைக்கும் தார்ப்பாய், கட்டும் சாக்கு, இவற்றில் எதிலாவது முந்தின ரகத்தின் பத்து மணி ஒட்டிக்கொண்டால் அடுத்த ஆண்டு அது பத்துக் குத்தாக முளைக்கும். பூக்கும் சமயத்தில் ஒரு தடவை, கதிர் முற்றும் சமயத்தில் ஒரு தடவை வயலில் இறங்கிக் கலவன் எடுக்க வேண்டும். எது கலவன் என்று தெரிய, 170 ரகத்தின் தாள் நிறம், மீசை, உமி, மணி வடிவம் எல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் இதைத்தான் மரபணு வளப் பராமரிப்பு என்று சொல்லி ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள். இங்கே அது ஒரு தொண்டு நிறுவனத்தின் வயலில், திருவிழா வசூலிலும் நன்கொடையிலும் நடந்தது.

அந்த 2 கிலோ, 4 கிலோ விதியையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விதை பெருக்க ஒரு வழி என்பது மேலோட்டமான வாசிப்பு. எனக்கு அதில் தெரிவது ஒரு சோதனை ஏற்பாடு. ஒரே ரகம் வேதாரண்யத்து உப்பு மண்ணிலும், மன்னார்குடிப் பக்கத்து களிமண்ணிலும், பட்டுக்கோட்டைச் செம்மண்ணிலும் ஒரே ஆண்டில் விதைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு விதையோடு செய்தியும் திரும்பி வருகிறது: எங்கே நின்றது, எங்கே படுத்தது, சோறு எப்படி. ஓரிடத்தில் வெள்ளத்திலோ புயலிலோ ரகம் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோர வயல்களில் உப்பு ஏறிக் கிடந்தபோது குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் பழைய ரகங்களை உழவர்கள் தேடினார்கள். தேடிய சமயத்தில் எங்கோ ஒருவர் வீட்டில் விதை இருந்தது. அதுதான் விஷயம்.

இனி விருதுக்கு வருவோம். 2011இல் சிறந்த இயற்கை உழவருக்கான மாநில விருது. 2015இல் தாவர மரபணு வளத்தைக் காப்பவர்களுக்கான தேசிய விருது. இந்த இரண்டாவது, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தை ஒட்டி வந்தது. சமுதாயங்களுக்கு 10 லட்சம் ரூபாய், தனி உழவர்களுக்கு 1.5 லட்சம், 1 லட்சம் என்று பிரிவுகள் உண்டு. நல்ல சட்டம், நல்ல நோக்கம். அதே சட்டத்தின் 39ஆவது பிரிவுதான் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் கைமாற்றவும் உழவருக்கு உரிமை தருகிறது.

தேதிகளைப் பாருங்கள். வேலை தொடங்கியது 2003. முதல் பெரிய அங்கீகாரம் எட்டு ஆண்டு கழித்து. தேசிய விருது பன்னிரண்டு ஆண்டு கழித்து. மூன்று ஆண்டுகள்தான் போயின, 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோயால் அவர் மறைந்தார். வயது 50. அவர் பெயரில் பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்தை மாநில அரசு அறிவித்தது 2021இல், முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில். அரசு பணம் ஒதுக்கியது, நல்லதுதான். ஆனால் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில், கையில் ஏழெட்டு ரகங்கள் மட்டும் இருந்தபோது, எந்த விருதின் கண்ணிலும் அவர் படவில்லை. பட்டிருந்தால் ரகங்கள் இன்னும் வேகமாகச் சேர்ந்திருக்கும் என்று நிரூபிக்க முடியாது. 2003க்கும் 2011க்கும் இடையில் வயதானவர்களோடு சேர்ந்து மறைந்துபோன விதைகள் எத்தனை என்பதற்கும் கணக்கு இல்லை.

விருதின் தலைப்பும் உறுத்துகிறது. ஒன்று 'இயற்கை உழவர்', இன்னொன்று 'காப்பவர்'. அவர் செய்த ஏற்பாட்டை, பல ஊர் மண்ணில் ஒரே சமயத்தில் சோதித்துச் செய்தியைத் திரும்பப் பெறும் முறையை, அறிவியல் புதுமை என்று யாரும் பார்க்கவில்லை. பழையதைப் பாதுகாத்த நல்ல மனிதர் என்று பார்த்தார்கள். இந்தப் பார்வையில்தான் எனக்குச் சண்டை.

2024இல் இருந்து நம்மாழ்வார் பெயரிலேயே இயற்கை உழவர்களுக்கு மாநில விருது வந்திருக்கிறது. முதல் பரிசு 2.5 லட்சம், அடுத்தது 1.5 லட்சம், மூன்றாவது 1 லட்சம். உழவரே விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டாவது முழுநேரம் இயற்கை வேளாண்மை செய்திருக்க வேண்டும், சான்றிதழ் வேண்டும். போலிகளைத் தடுக்க இதெல்லாம் தேவைதான். அதே சமயம் முதல் ஆண்டு தடுமாறிக்கொண்டிருப்பவர், சான்றிதழ்க் கட்டணம் கட்ட யோசிப்பவர் வாசலுக்கே வர முடியாது.

பரிசுக்கும் படிப்பணத்துக்கும் நடுவில்

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜன் 1904இல் கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பாராட்டியதாகச் சொல்வார்கள். ஊர் மட்டத்தில், சரியான வயதில், சரியான ஆளுக்குக் கொடுத்த விருது. நம் ஆய்வின்படி குறையே சொல்ல முடியாதது.

அடுத்து நடந்தது என்ன? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் தேர்வில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டை விட்டு ஓடிப்போனார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, இரண்டு ஆண்டுக்கு. பட்டமே இல்லாதவருக்கு.

பரிசு கிடைத்த 1904க்கும் 75 ரூபாய் வந்த 1913க்கும் நடுவில் ஒன்பது ஆண்டுகள். மேடையில் கொடுத்த பரிசு அந்த ஒன்பது ஆண்டையும் தாண்ட உதவவில்லை. மாதாமாதம் வந்த 25 ரூபாய் உதவியது. ஆகவே விருது முன்கூட்டி வந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடர்ந்தும் வர வேண்டும்.

இன்றைக்குப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஸ்பயர் மானக் திட்டம் இருக்கிறது. மாணவரின் யோசனையைப் பள்ளி இணையத்தில் பதிவேற்றும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் நேராக அவர் வங்கிக் கணக்குக்கு வரும். மாவட்டக் கண்காட்சி, மாநிலக் கண்காட்சி, தேசியக் கண்காட்சி. வயதைப் பொறுத்தவரை இதைவிட முன்னால் போக முடியாது. ஆனால் மாவட்டக் கண்காட்சியோடு நின்றுபோகும் பிள்ளைக்கு அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பெரிய விருது தாமதமாக வந்தும் பயன்பட்ட கதையும் கும்பகோணத்துக்காரருடையதுதான். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு 1987இல் முதல் உலக உணவுப் பரிசு கிடைத்தபோது வயது 62. அந்தப் பணத்தை வைத்து அடுத்த ஆண்டே ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். அது பின்னால் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளை மீட்கும் வேலை செய்தது. தாமதமாக வந்த பணத்தை நிறுவனமாக மாற்ற அவருக்கு ஆட்கள் இருந்தார்கள், உலகத் தொடர்பு இருந்தது. 1.5 லட்சம் வாங்கிய உழவர் அதைக் கூட்டுறவுக் கடனுக்குக் கட்டிவிட்டு மீதியில் போர்செட் பழுது பார்ப்பார். அவர் மேல் தப்பில்லை.

இனி ஒரு விருது வைப்பதாக இருந்தால்

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நீடாமங்கலம் மற்றும் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள் என்று படுகையில் நடுவர்களாக இருக்கத் தகுந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களோடு பாதிக்குப் பாதி உழவர்கள் உட்கார வேண்டும். விண்ணப்பப் படிவம் வேண்டாம். கும்பகோணத்துப் பரிசு மாதிரி மற்றவர்கள் முன்மொழியட்டும். கோனோ வீடரை டெல்டாக் களிமண்ணுக்கு ஏற்பத் திருத்தித் தரும் பட்டறைக்காரரை அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வயது வரம்பு 32 என்று வைக்க முடியாது, நாற்பது வயதில் வயலுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் வேலை தொடங்கி நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று வைக்கலாம். குழுவுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் மடை ஒழுங்கு செய்த பத்துப் பேரும் வருவார்கள்.

இதற்கு எதிர்வாதம் எனக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சிலர் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள், பணம் வீண் என்று தணிக்கையில் எழுதுவார்கள். போவார்கள்தான். ஆடுதுறையில் ஒரு ரகம் வெளிவர எத்தனை ஒட்டுகளைக் கழித்துக்கட்டினார்கள் என்று யாரும் தணிக்கைக் குறிப்பு எழுதுவதில்லை. அதே பொறுமையை மனிதர்களிடமும் காட்ட முடியுமா என்பதைப் பணம் கொடுப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஒரு மகசூல் விருதின் 5 லட்சத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 13,888 ரூபாய் வருகிறது. இரண்டு பேருக்கு மாதம் 6,000 வீதம் மூன்று ஆண்டு கொடுத்தால் 4,32,000. மீதி 68,000 ரூபாயில் மழை படாத ஒரு விதைக் கொட்டகையும், 170 பெயர்ப் பலகையும் போட்டுவிடலாம்.